மாசும் மின்காவலியும்

நீர்மின்சாரத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அணையிலே தொடங்கிச் சுழலியிலே முடித்துவிடுவர். மலைகளுக்கிடையே தேங்கிய நீர் குழாய்வழிப் பாய்ந்து, சுழலியைச் சுழற்றி, மின்னைப் பிறப்பிக்கும் காட்சி கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாவது உண்மையே. ஆயினும், மலையிலே பிறந்த மின்சாரம் காடும் தோட்டமும் வயலும் கடந்து, தொலைவிலுள்ள நகரத்தின் விளக்கிலே ஒளிரும் வரையில், இடைவழியில் நிலத்துக்குள் இறங்கிவிடாதவாறு அதனைக் காத்துச் செல்வது யாது என்று வினவுவோர் சிலரே. உருக்குக் கோபுரங்களின் கைகளிலிருந்து மாலைபோலத் தொங்கும் பீங்கான் தட்டுகளையும், அண்மைக் காலத்தில் அவற்றின் இடத்தைப் பிடித்துவரும் மெல்லிய இறப்பர்த் தண்டுகளையும் சுட்டுவதே அவ்வினாவுக்கு விடையாகும்.

மின்சாரத்தைத் தன்னூடு செல்ல விடும் பொருள் கடத்தி எனப்படும். செல்ல விடாத பொருளை இலங்கைப் பாடநூல்கள் காவலி என்கின்றன. பெயர் மிகப் பொருத்தமானது. அது காவல் புரிகின்றது. ஆனால் அக்காவலனை வீழ்த்துவதற்குப் பெரும்புயலோ பேரிடியோ வேண்டுவதில்லை. சிறிது தூசியும் சிறிது ஈரமும் போதும். அந்தத் தூசியோடும் ஈரத்தோடும் மனிதன் நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் போராட்டத்தின் வரலாறு, மத்திய மலைநாட்டின் பொல்பிட்டியவுக்கும் நெருங்கிய தொடர்புடையது.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் தேயிலைச் சரிவுகளிலே தனித்தனியே பிறந்து, தனித்தனியே அருவிகளாய் வீழ்ந்து, பொல்பிட்டியவுக்கு அண்மையில் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. இவ்விரு ஆறுகளின் வீழ்ச்சியிலே நாட்டுக்கு வேண்டிய மின்வலு முழுவதும் அடங்கியிருக்கின்றது என்று கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். 1874இல் பிறந்த அவர், 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் படித்த கட்டுரையில் இக்கருத்தைக் கணக்குகளோடு நிறுவினார். 1924இல் தொடங்கப்பட்ட வேலை சில ஆண்டுகளிலே இடைநின்றது. மனந்தளராத விமலசுரேந்திர 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இத்திட்டத்துக்காக வாதாடினார். இறுதியில் 1950ஆம் ஆண்டு லக்ஸபான மின்நிலையம் 25 மெகாவாற்று வலுவோடு இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. மூன்றாண்டுகள் கழிந்து, 1953இல் அவர் காலமானார்.

அதன்பின் வேலைகள் விரைந்து நடந்தன. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் மின்நிலையம் நோர்ட்டன் பிரிட்ஜில் எழுந்து, விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கியது. அப்பத்தாண்டின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியது. பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில் மறைந்தது. கோடையிலே நீர்மட்டம் தாழும் காலங்களில், அந்நகரத்துப் பழைய கோயிலின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு. 1969இல், மேலேயுள்ள நிலையங்கள் பயன்படுத்திவிட்ட நீரையே மீண்டும் ஒருமுறை பயன்கொள்ளும் வகையில், பொல்பிட்டியவில் 75 மெகாவாற்று மின்நிலையம் அமைந்தது. சமனல மின்நிலையம் என்பது அதன் மற்றொரு பெயர். அதே ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி இலங்கை மின்சார சபையும் தோன்றியது. பிற்காலத்தில் பொறிகள் புதுப்பிக்கப்பட்டு, பொல்பிட்டியவின் வலு 90 மெகாவாற்றாக உயர்ந்தது.

லக்ஸபானவிலிருந்து கொழும்பின் அயலிலுள்ள கொலன்னாவைக்கு முதன்முதல் மின்சாரம் சென்றது 66,000 வோல்ற்று அழுத்தத்தில். பின்னர் மலைநாட்டின் பெருந்தொடர்கள் 132,000 வோல்ற்றுக்கு உயர்ந்தன. மகாவலித் திட்டத்தோடு 220,000 வோல்ற்றும் வந்தது. அழுத்தம் உயர உயர வழியிலே வீணாகும் மின்சாரம் குறையும். ஆனால் காவலியின் பொறுப்போ அழுத்தத்தோடு கூடவே உயரும்.

காவலியின் தொடக்கம் தந்திக் கம்பத்திலே ஆகும். இலங்கையில் 1858இல் கொழும்பையும் காலியையும் தந்தி இணைத்தது. அக்காலத் தந்திக் கம்பங்களில் கண்ணாடியாலோ பீங்கானாலோ ஆன சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின்மேல் கம்பியைக் கட்டுவது உலகெங்கும் வழக்கம். தந்தியின் அழுத்தம் சிறிதாதலின் அது போதுமானதாயிற்று. 1891இல் ஜேர்மனியில் லவுபன் என்னும் ஊரிலிருந்து 175 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிராங்க்பேர்ட்டுக்கு நீர்மின்சாரத்தை அனுப்பிக் காட்டியபோது, பீங்கான் கிண்ணத்தின் உள்விளிம்பிலே எண்ணெய் ஊற்றி வைத்தனர். ஈரமும் அழுக்கும் படிந்த பரப்பின் வழியே மின்சாரம் கசிந்து செல்லாமல் அவ்வெண்ணெய் தடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். மாசுதான் காவலியின் முதற்பகை என்பதை நெடுந்தூர மின்செலுத்துகையின் பிறப்பிலேயே பொறியியலாளர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

அழுத்தம் அறுபதாயிரம் வோல்ற்றை அணுகியபோது கிண்ணங்கள் பருத்துப் பாரமாகிப் பயனற்றுப் போயின. 1907இல் ஹியூலெற், பக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் ஓர் எளிய வழியைக் கண்டனர். ஒரு பெருங்கிண்ணத்துக்குப் பதிலாகப் பல சிறு தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டனர். அழுத்தம் கூடினால் தட்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்று உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். மலைநாட்டுக் கோபுரங்களில் காணப்படும் பீங்கான் மாலைகள் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவையே.

இனி, மாசு காவலியை எவ்வாறு வெல்கின்றது என்பதைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். பீங்கானின் உடலை ஊடுருவி மின்சாரம் பாய்வது அரிது. அது தேடும் வழி பீங்கானின் மேற்பரப்பு. பரப்பு தூய்மையாயிருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும். காய்ந்த தூசி படிந்தாலும் பெருந்தீங்கில்லை. கடலுப்போ, சீமெந்துத் தூளோ, தொழிற்சாலைப் புகையோ படிந்த பரப்பிலே பனியோ தூறலோ விழுந்து, உப்பு கரைந்து, மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டாகும்போதே அபாயம் தொடங்குகின்றது. அப்படலம் மின்சாரத்தைக் கடத்த வல்லது. அதனூடு கசிவு மின்னோட்டம் ஓடுகின்றது. ஓட்டத்தின் வெப்பத்தால் படலம் சில இடங்களிலே உலர்ந்து வரண்ட வளையங்களாகின்றது. முழுத் தொடரையும் தாங்க வேண்டிய அழுத்தம் அவ்வரண்ட வளையங்களின்மேல் குவிகின்றது. அங்கே சிறு பொறிகள் எழுந்து, வளர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, இறுதியில் காவலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாய்ந்துவிடுகின்றன. நிலையத்திலுள்ள பாதுகாப்புக் கருவி உடனே தொடரைத் துண்டிக்கின்றது. ஊர் இருளில் ஆழ்கின்றது. அத்தொடர் சுமந்த பாரம் அயல் தொடர்களின்மேல் விழுவதால், அவையும் தாங்காது துண்டிக்கப்படுதல் உண்டு.

இதற்கு வேண்டிய மாசின் அளவு வியப்பூட்டுவது. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் ஒரு மில்லிகிராமின் பத்திலொரு பங்கு உப்புக்கு ஈடான அழுக்கு படிந்துவிட்டாலே அதனைக் கடுமையான மாசு என்று பொறியியலாளர் கணிப்பர். கையால் தடவிப் பார்த்தாலும் எளிதில் உணர இயலாத அளவு அது.

பெருமழை காவலிக்குப் பகையன்று, நட்பே என்பதும் இங்கே கருதத்தக்கது. பொல்பிட்டிய, நோர்ட்டன் பிரிட்ஜ், வட்டவளை ஆகிய பகுதிகள் இலங்கையில் மிக அதிக மழை பெறுவனவற்றுள் அடங்கும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டுவதுண்டு. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒவ்வொரு தட்டையும் அடித்துக் கழுவிவிடுகின்றது. ஆயின் மழையில்லாத தை, மாசி மாதங்களில் தூசி படிந்து, விடியற்பனி அதனை நனைக்கும் வேளை வேறு. மேலும், எப்பொழுதும் ஈரமும் நிழலும் மூடுமஞ்சும் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலே காவலியின்மேல் பச்சைப் பாசியும் கரும்பூஞ்சையும் வேரூன்றத் தொடங்குகின்றன. கோயிற் சுவரிலும் வீட்டுக் கூரையிலும் படரும் பாசியே அது. மழை தூசியைக் கழுவும். ஆனால் பாசியை வளர்க்கும்.

மலையை விட்டுக் கடற்கரையை அடைந்தால் பகை உருமாறுகின்றது. அங்கே காற்றிலேயே உப்பு. பொல்பிட்டியவின் அயலில் அமைந்த புதிய நிலையத்தையும் தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டையையும் 220,000 வோல்ற்றுத் தொடர் இணைக்கின்றது. ஒரு முனையிலே பாசி, மறுமுனையிலே கடலுப்பு. வடக்கே செல்லும் தொடரோ ஆனையிறவின் உப்பளவெளியைக் கடந்தே யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைய வேண்டும். தேசிய மின்வலையமைப்பிலிருந்து வந்த மின்சாரத்தை அக்குடாநாட்டு மக்கள் லக்ஸபான மின்சாரம் என்றே அழைத்து வந்தனர். போரினால் நெடுங்காலம் அற்றுப்போயிருந்த அத்தொடர்பு 2010களின் முற்பகுதியில் மீண்டும் உண்டாயிற்று. மலைநாட்டு நீரின் வலுவை உப்பங்காற்றினூடே காத்துச் செல்லும் பொறுப்பு அங்கே காவலிகளின்மேல் விழுந்தது.

பீங்கான் காலத்திலேயே இப்பகையை எதிர்க்கப் பல வழிகள் கையாளப்பட்டன. முதலாவது வழி, மின்சாரம் கசிய வேண்டிய தூரத்தை நீட்டுவது. தட்டின் அடிப்புறத்திலுள்ள மடிப்புகளும் வரம்புகளும் அழகுக்காக அமைந்தவை அல்ல. மேற்பரப்பு வழியே ஊரும் மின்சாரம் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்க வேண்டும். 1986இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு இதற்கு அளவுகள் வகுத்தது. மாசு குறைந்த இடத்தில் தொடரின் உச்ச அழுத்தத்தில் ஒவ்வொரு கிலோவோல்ற்றுக்கும் 16 மில்லிமீற்றர் ஊர்தூரம் வேண்டும். மிகக் கடுமையான மாசுள்ள இடத்தில் 31 மில்லிமீற்றர் வேண்டும். 132 கிலோவோல்ற்றுத் தொடரின் உச்ச அழுத்தம் 145 கிலோவோல்ற்று என்று கொள்ளப்படும். ஆகவே தூய இடத்தில் 2,320 மில்லிமீற்றரும், கடற்கரையில் 4,495 மில்லிமீற்றரும் தேவையாகின்றன. சாதாரணத் தட்டு ஒன்று ஏறத்தாழ 290 மில்லிமீற்றர் தருமாயின், மலையிலே எட்டுத் தட்டுப் போதுமான வேலைக்குக் கடற்கரையிலே பதினாறு தட்டு வேண்டும். மாலை நீள நீளக் கோபுரத்தின் உயரமும், கையின் நீளமும், செலவும் நீளும்.

இரண்டாவது வழி, கழுவுவது. தொடரை நிறுத்திவிட்டுப் பணியாளர் கோபுரமேறித் துணியால் துடைப்பர். சில நாடுகளில் உப்பகற்றிய தூய நீரை மின்சாரம் ஓடும்போதே பீச்சிக் கழுவுவர். வானூர்தியிலிருந்து கழுவுவாரும் உளர். மூன்றாவது வழி, சிலிக்கோன் பசையைப் பூசுவது. 1950களிலிருந்து இது கடலோர நிலையங்களில் பரவியது. பசை தூசியைத் தன்னுள் அமிழ்த்தி நீரை விலக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அழுக்கு நிறைந்ததும் பழைய பசையை வழித்தெடுத்துப் புதிய பசை பூச வேண்டும். அவ்வேலையின் கடுமையை அதனைச் செய்தவரே அறிவர்.

இவ்வழிகள் யாவும் ஒரே உண்மையை உணர்த்தின. குறை பீங்கானின் வலிமையில் இல்லை. அதன் பரப்பிலே இருந்தது. பீங்கானும் கண்ணாடியும் நீரை விரும்பும் பொருள்கள். அவற்றின்மேல் விழுந்த நீர் பரந்து படலமாகின்றது. நீரை ஏற்காத ஒரு பரப்பு கிடைக்குமாயின் படலமே உண்டாகாது. தாமரை இலையிலே தண்ணீர் ஒட்டாது உருண்டோடுவதைத் தமிழர் தொன்றுதொட்டு உவமையாகக் கூறி வந்துள்ளனர். பொறியியலாளர் தேடியதும் அத்தகைய ஓர் இலையையே.

அத்தேடலின் விளைவாக எழுந்தனவே பல்பகுதியக் காவலிகள். சிறிய மூலக்கூறுகள் பல்லாயிரம் சங்கிலிபோலக் கோத்து உண்டாகும் பொருள் பல்பகுதியம் எனப்படும். இறப்பரும் பிளாத்திக்கும் அவ்வினத்தவை. 1950களில் ஈபொக்சி என்னும் பிசின்வகை கட்டடங்களின் உள்ளே காவலியாகப் பயன்பட்டது. அதனை வெளியிலே வைத்துப் பார்த்தபோது வெயிலும் பொறியும் அதனைக் கருக்கித் தடம் பதித்துவிட்டன. 1960களின் பிற்பகுதியில், பொல்பிட்டியவில் சுரங்கவழி தோண்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜேர்மனியில் சிலிக்கோன் இறப்பர் போர்த்த காவலிகள் உருவாயின. உள்ளே கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்துச் செய்த தண்டு. அது கம்பியின் பாரத்தைத் தாங்கும். வெளியே சிலிக்கோன் இறப்பராலான சட்டையும் குடைபோன்ற மடல்களும். அவை மழையையும் மாசையும் தாங்கும். இருமுனைகளிலும் உலோகப் பூண்கள். பாரம் தாங்குதல் ஒன்றுக்கும் பரப்பைக் காத்தல் மற்றொன்றுக்குமாக வேலை பிரிக்கப்பட்டது.

சிலிக்கோன் இறப்பரின் சிறப்பு வெறும் நீர் ஒட்டாத் தன்மை மட்டுமன்று. அது மட்டுமாயின் மேலே அழுக்கு படிந்தவுடன் அச்சிறப்பு மறைந்துவிடும். அவ்விறப்பரின் உள்ளேயுள்ள மிகச் சிறு மூலக்கூறுகள் மெல்ல மெல்ல வெளியே ஊறிவந்து, படிந்த அழுக்கையும் போர்த்துக்கொள்கின்றன. அதனால் அழுக்கும் நீரை வெறுக்கத் தொடங்குகின்றது. தாமரை இலைக்கும் இல்லாத ஆற்றல் இது. தன்மேல் விழுந்த சேற்றையே இலையாக்கிவிடும் இலை எனலாம். கடும் ஈரத்தாலோ பொறியாலோ அத்தன்மை ஒருநாள் கெட்டாலும், சில மணிநேரத்திலோ சில நாள்களிலோ உள்ளிருந்து ஊறி மீண்டுவிடும்.

மலைநாட்டைப் பொறுத்தமட்டில் வேறொரு நன்மையும் உண்டு. பத்துத் தட்டுள்ள பீங்கான் மாலை ஐம்பது கிலோவுக்கு மேல் பாரமுடையது. அதே வேலையைச் செய்யும் சிலிக்கோன் தண்டு அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. வாகனம் செல்லாத தேயிலைச் சரிவிலே, கொழுந்து பறிப்போரின் ஒற்றையடிப் பாதை வழியே தோளிற் சுமந்து செல்ல வேண்டிய பொருளுக்குப் பாரக் குறைவு சிறு நன்மையன்று.

ஆயினும் புதிய பொருள் குறையற்றதாய் வந்துவிடவில்லை. முதல் தலைமுறைக் காவலிகளுட் சில வெயிலிலே வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிர்ந்தன. சிலவற்றின் பூண் பொருத்தில் நீர் புகுந்தது. மின்பொறி காற்றில் உண்டாக்கும் நைத்திரிக்கமிலம் அந்நீரிலே கலந்து கண்ணாடி நாரை அரித்தது. வெளிக்குப் பழுதின்றித் தோன்றிய தண்டு ஒருநாள் தடியொடிவதுபோல் ஒடிந்தது. பீங்கான் வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டு நொறுங்கினால் கீழே நிற்பவருக்கும் தெரியும். இறப்பர்ச் சட்டைக்குள் மறைந்த பழுதோ எளிதில் தெரிவதில்லை. தொடரின் கீழே தேயிலை மலைகளில் மக்கள் வேலை செய்கின்றனர். கம்பி அறுந்து வீழ்வதென்பது விளக்கு அணைவதோடு முடியும் காரியமன்று.

ஆகவே மாசுற்ற பல்பகுதியக் காவலிகளை மேம்படுத்தும் ஆராய்ச்சி பல முனைகளில் நடந்தது. இறப்பரோடு அலுமினிய முந்நீரேற்று என்னும் வெண்தூளைக் கலந்தனர். பொறியின் வெப்பம் பட்டதும் அத்தூள் தன்னுள்ளிருக்கும் நீரை வெளிவிட்டு, அவ்விடத்தைக் குளிர்வித்து, இறப்பர் கருகாமல் காக்கின்றது. மடல்களை ஒரே அளவாக அமைக்காமல் பெரிதும் சிறிதுமாக மாற்றி அமைத்தனர். பெருமடல் மழைத்தாரையைத் துண்டிக்கும். சிறுமடல் ஊர்தூரத்தைக் கூட்டும். உயரழுத்தக் காவலிகளின் மின்முனையிலே உலோக வளையம் பூட்டி, அங்கே குவியும் அழுத்தத்தைப் பரவச் செய்தனர். பூண் பொருத்தை நீர் புகாதவாறு இறுக அடைத்தனர். அமிலம் அரிக்காத கண்ணாடி நாரைத் தெரிந்தெடுத்தனர். புதிய காவலி எதுவும் தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன் அதன் இனத்தை உப்பு மஞ்சிலே 1,000 மணிநேரம் மின்னழுத்தத்தோடு நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று விதி வகுத்தனர். பழைய பீங்கான் தட்டுகளையே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் அறைவெப்பத்தில் உறையும் சிலிக்கோன் இறப்பரைப் பூசும் முறையும் பரவியது. அடிக்கடி மாற்ற வேண்டிய பசைக்குப் பதிலாக, அது பல ஆண்டுகள் நிலைக்கும் சட்டையாயிற்று.

அயல்நாடான இந்தியாவின் அனுபவமும் இங்கே பயன்படுவது. கங்கைச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் அடர்ந்த மூடுபனி இறங்கும். செங்கற்சூளைப் புகையும் தொழிற்சாலைத் தூசியும் படிந்த பீங்கான் மாலைகள் அப்பனியில் நனைந்து, ஒரே இரவில் பல தொடர்கள் துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் நேர்ந்ததுண்டு. அதன் விளைவாக, மாசு மிகுந்த பகுதிகளில் பீங்கானை அகற்றிப் பல்பகுதியக் காவலிகளைப் பெருந்தொகையாகப் பொருத்தும் வேலை 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் விரைவடைந்தது.

ஆனால் குளிர்நாட்டிலே செய்து, குளிர்நாட்டிலே சோதித்த பொருள், எந்நாளும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் வெப்பவலயத்திலே எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற வினா எஞ்சியிருந்தது. இவ்வினாவுக்கு விடைகாண 1990களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் சுவீடனின் சால்மர்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தாரும் கூடி உழைத்தனர். இலங்கையின் கடற்கரையிலும் உள்நாட்டிலும் காவலிகளை ஆண்டுக்கணக்கில் வெளியிலே தொங்கவிட்டு, அவற்றின் பரப்பையும் கசிவு மின்னோட்டத்தையும் கவனித்து வந்தனர். சுவீடன், இலங்கை, தன்சானியா ஆகிய நாடுகளின் காவலிகளிலே படர்ந்த பாசியையும் பூஞ்சையையும் ஒப்புநோக்கிய ஆய்வுகளும் நடந்தன. கடலோரத்தில் உப்பும், உள்நாட்டில் உயிர்ப்படலமும் வெவ்வேறு விதமாகப் பரப்பைத் தாக்குவதால், ஓரிடத்து மருந்து மற்றோரிடத்துக்குப் பொருந்தாது என்பதே இத்தகைய ஆய்வுகள் வற்புறுத்தும் பாடம்.

உண்மையில், பாசி சிலிக்கோன் இறப்பரை உணவாகக் கொள்வதில்லை. அதன்மேல் படிந்த தூசியையும் ஈரத்தையும் பற்றி வாழ்கின்றது. ஆயினும் அது ஒரு நனைந்த போர்வைபோல் நீரைத் தேக்கி, உள்ளிருந்து ஊறிவரும் சிறுமூலக்கூறுகள் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கின்றது. தொடரை ஒட்டி நிழல் செய்யும் மரக்கிளைகளை வெட்டிக் காற்றும் வெயிலும் புகவிடுதல், உரிய காலத்தில் மென்மையாகக் கழுவுதல் ஆகிய எளிய பணிகளே இதற்குப் பெரிதும் பயன்படுவன. பீங்கானைத் தேய்ப்பதுபோல இறப்பரைத் தேய்த்தாலோ, மிகுந்த விசையோடு நீரைப் பீச்சினாலோ, காப்பதற்குப் பதிலாகக் கெடுத்ததாக முடியும்.

காவலியின் நிலையை அறிவதற்கும் பெருங்கருவி எப்பொழுதும் வேண்டுவதில்லை. சுவீடன் நாட்டார் 1990களில் வகுத்த முறையொன்றில், நீர் தெளிக்கும் சிறு குப்பியே கருவி. பரப்பிலே நீரைத் தெளித்து, துளிகள் முத்துமுத்தாய் நின்றால் முதல் நிலை என்பர். துளிகள் சேர்ந்து பரப்பு முழுவதும் படலமாகிவிட்டால் ஏழாம் நிலை என்பர். இவ்வேழு படிகளுள் காவலி எங்கே நிற்கின்றது என்பதை அறிந்தால், கழுவ வேண்டுமா, மாற்ற வேண்டுமா, விட்டுவைக்கலாமா என்று முடிவு செய்யலாம். வெப்பத்தைக் காட்டும் ஒளிப்படக் கருவிகளும், கண்ணுக்குத் தெரியாத மின்கசிவின் ஒளியைக் காட்டும் கருவிகளும், மறைந்த பழுதைக் கண்டறிய உதவுகின்றன. ஆயினும் கோபுரத்தடியில் நின்று தலைநிமிர்ந்து பார்க்கும் அனுபவமுள்ள பணியாளனின் கண்ணுக்கு ஈடாக எக்கருவியும் முழுமையாக அமைந்துவிடவில்லை.

மலைநாட்டின் நீர் கொழும்பின் வீதிகளுக்கும், ஆலைகளுக்கும், அரசாங்க மாளிகைகளுக்கும் ஒளியாகிச் சென்றது. அவ்வொளியைச் சுமந்த கம்பிகள் தோட்டத்து லயன்களின் தலைக்குமேலாகவே சென்றன. கீழேயோ மண்ணெண்ணெய் விளக்கே பல பத்தாண்டுகள் எரிந்தது. நீர்த்தேக்கங்களுக்கு நிலம் கொடுத்த மலைகளிலே, லயன் அறைகளுக்கு மின்சாரம் மிகப் பிந்தியே வந்தது. மின்சாரம் நிலத்துக்கு இறங்காமல் தடுப்பது காவலியின் கடமை. மக்களுக்கு இறங்காமல் தடுத்தது எது என்பது பொறியியலாளர் மட்டும் விடை கூறவேண்டிய வினா அன்று.

விளக்கு வந்துவிட்ட இன்றைய காலத்தில், அதே தொடரின் உறுதியிலே அம்மலைமக்களுக்கும் பங்குண்டு. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் மின்சாரம் ஒரு கணம் அற்றாலும் அதன் இழப்பை அவர்களும் உணர்கின்றனர். விமலசுரேந்திர 1918இல் அருவியைக் கண்டு மின்வலுவைக் கணக்கிட்டார். அவருக்குப் பின்வந்தோர் அணைகளைக் கட்டினர். அவ்வுழைப்பின் பயன் ஒவ்வோர் இரவும் விளக்கை அடைவது, கைவிரல் அகலப் பரப்பில் எவ்வளவு தூசி படிந்தது, அதன்மேல் நீர் முத்தாக நிற்கின்றதா, படலமாகப் பரவுகின்றதா என்று இடைவிடாது கவனிப்போரின் விழிப்பைப் பொறுத்ததாகும்.